கூட வந்தவங்க வெளியே நில்லுங்க

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் கூண்டேற்றிக் கேட்டாலும் இதையே கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். சாட்சிக்கு எங்கள் தெரு முழுக்க ஆள் இருக்கிறது. ஒரு கரடியும் இருக்கிறது. சம்மன் போனால் அதுவும் வரும் என்றுதான் நினைக்கிறேன். பொறுப்பான கரடி.

என் மருமகள் அம்சவள்ளி நர்ஸ். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது. மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு ஊருக்குப் போய், கரும்பு வெட்டி முடித்து, மறுநாள் திரும்பி வந்து, "எப்பதான் போடுவீங்க?" என்று வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்றார்.

அப்படிப்பட்ட கைக்காரியை அங்கிருந்த டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பொண்ணு, இங்க வா" என்பார். அது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அங்கே சட்டையில் பெயர் குத்திக்கொள்ளலாமாம். பெரிய டாக்டரே "சிஸ்டர் அம்சவள்ளி" என்றுதான் கூப்பிடுவாராம். ஆனால் அங்கே ஒரு ஊசியைத் தொடவேண்டும் என்றாலும் முதலில் லைசென்ஸ் வேண்டும். அதற்குச் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு நான்கு பதில் காட்டும், சரியானதைத் தொட வேண்டும்.

தொட்டாள். ஃபெயில்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. துக்கம் வந்தால் அவள் பிரஷர் பார்ப்பாள். மிஷினை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"கைய நீட்டுங்க மாமா."

"காலையிலதானேம்மா பார்த்த?"

"அது பஸ் ஏறுறதுக்குப் பார்த்தது. இது ஃபெயிலானதுக்கு."

எனக்கு முடித்து, ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த என் மகன் காசிநாதனுக்குப் பார்த்து, பக்கத்து வீட்டு மெஹ்ராஜ் பேகத்துக்குப் பார்த்து, அந்த அம்மாளின் ஜவுளிக்கடையில் துணி எடுக்க வந்திருந்தவர்களுக்கெல்லாம் பார்த்தாள். பால்காரருக்கு ஜாஸ்தி. தண்ணீர் எவ்வளவு கலக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இறங்கியது. துக்கம் அப்போதும் ஆறாததால் அவருடைய எருமைக்கு முன்னங்காலில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். எருமைக்கு நார்மல். தெருவிலேயே அதற்கு மட்டும்தான் நார்மல்.

"வுடு அம்சா. இன்னொரு தபா எழுதிக்கலாம்" என்றான் காசிநாதன்.

"எழுதலாம். அந்த வேலைய இன்னொரு தபாவுக்குத்தான் வெச்சிருப்பாங்களாம். அதுலயும் போச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. நான் ஆயுசுக்கும் ஏ பொண்ணுதான்."

"அப்படி இன்னாம்மா கேட்டான் அந்தக் கம்ப்யூட்டர்காரன்?" என்றேன்.

"நோயாளி கட்டில்லேர்ந்து வுழுந்துட்டாரு, நர்ஸ் முதல்ல இன்னா செய்யணும்னு கேட்டான் மாமா. நாலு பதில்ல ஒண்ணு, உறவினரை உதவிக்கு அழைக்கணும்னு இருந்துச்சு. அதைத் தொட்டுட்டேன். நோயாளிக்கு மூச்சு வாங்குதுன்னான். உறவினரக் கூப்ட்டேன். வாந்தி எடுக்குறாருன்னான். அதுக்கும் உறவினர்தான். பஸ்ல வரும்போதுதான் உறைக்குது. பரீட்சை பூரா உறவினரையே கூப்ட்டுக்கினு இருந்திருக்கேன்."

"கூப்புடாம? பின்ன எதுக்கு வந்திருக்கான் அவன்?"

"அதான் மாமா. அந்தக் கேள்வியில யாருக்கும் கூட வந்தவங்களே கிடையாது. எல்லாரும் ஒண்டியா வந்து படுத்திருக்காங்க. பார்த்தா பாவமா இருக்குது."

அவள் மேல் தப்பில்லை. நம் ஊரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வேன் ஆள் வரும். குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க மச்சான், விசிற அக்கா, மருந்துக் கடைக்கு ஓட தம்பி, வாசலில் உட்கார்ந்து அழ ஒரு சித்தி. "அவரப் புடிங்க, இதத் தூக்குங்க" என்று இவர்களை ஏவிவிட்டுத்தான் நர்ஸ் ஊசியையே எடுப்பாள். அம்சவள்ளி கேள்வியைப் படித்தவுடன், கேள்விக்குள் இல்லாத மச்சானைத் தேடியிருக்கிறாள்.

"ஆள் இல்லாத நோயாளியப் பழகணும் மாமா. அது பழகிட்டா மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"நான் படுக்கறேம்மா" என்றேன். மனைவி போன பிறகு எனக்குப் படுப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லை.

வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கண்ணை மூடி, ஒரு முனகல்தான் முனகினேன். அவள் என் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்குவதற்குள் மெஹ்ராஜ் பேகம் ஆட்டுக்கால் சூப்போடு வந்துவிட்டார்.

"யா அல்லா! அண்ணனுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா, நோயாளி மாதிரி சும்மா படுத்திருக்காரு."

"சும்மா படுத்தாலும் தலைய யாரு புடிக்கறது?" என்று என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பால்காரர் காலைப் பிடித்தார். ரொட்டியும் சாத்துக்குடியும் குவிந்ததில் என் முகம் மறைந்தது. ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்கே ஓடின. மணலூர்பேட்டையிலிருந்து ஊசிக்காரர் ஒரு கட்டுக் கரும்போடு வந்தார். பந்தல்காரர் கழி எங்கே நடலாம் என்று காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போர்டே கட்டிவிட்டார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். படம் நன்றாக வந்திருந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது, மழைக்கு விறகை மூட.

நாலைந்து முறை படுத்துப் பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் ஒருவன் ஒண்டியாக நோயாளியாக இருக்க வழியே இல்லை.

"மலைக்குப் போயிரலாம் மாமா" என்றாள்.

கரியாலூரில் என் சிநேகிதன் சின்னக்கண்ணுவுக்கு மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. பஸ் ஏறிப் போனோம். ஒரு பலா மரத்தடியில் கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவன் கிழங்கு பிடுங்கப் போனான். சுற்றிலும் மனித வாடையே இல்லை. அருவிச் சத்தம் மட்டும்தான். படுத்தேன். எவ்வளவு முனகியும் யாரும் வரவில்லை. எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

அம்சவள்ளி எனக்கு முதுகு காட்டிப் புத்தகத்தைப் பார்த்து, "நோயாளி வலி தாங்காமல் புரள்கிறார்" என்று படித்தாள். புரண்டேன். அப்போதுதான் பலாப்பழ வாசத்துக்கு வந்த கரடி என்னைப் பார்த்தது. பழத்தை விட்டுவிட்டது. மெதுவாக வந்து என் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த பெரியப்பா மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டது. என் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டியது.

அம்சவள்ளி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், பழக்க தோஷத்தில், "கூட வந்தவங்களா? செத்த தோளப் புடிங்க, புரளாம பார்த்துக்குங்க" என்றாள்.

கரடி பிடித்தது. சும்மா சொல்லக்கூடாது, காசிநாதனைவிடப் பதமாகப் பிடித்தது.

"யம்மா அம்சா" என்றேன் மெல்ல. "திரும்பிப் பாரு. மறுபடியும் உறவினரக் கூப்ட்டுட்ட."

திரும்பினாள். வேறு பெண்ணாக இருந்தால் ஓடியிருப்பாள். இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கரடி மேல் இல்லை, தன் மேல். நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து நின்று, வார்டே அதிரும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

"டாக்டர் ரவுண்ட்ஸ் வராரு! கூட வந்தவங்கள்லாம் வெளிய போங்க! சொல்றது காதுல வுழல? கெளம்புங்க!"

கரடி எழுந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா உறவினரும் போவதுபோல, இரண்டடி வைப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக, மனசில்லாமல் காட்டுக்குள் போனது. கிழங்கோடு வந்துகொண்டிருந்த சின்னக்கண்ணுவும் அந்தக் குரலுக்குப் பயந்து அதன் பின்னாலேயே போய்விட்டான். சாயங்காலம்தான் வந்தான்.

அதன் பிறகு அவள் யாரையும் தேடவில்லை. தானே என் தோளைப் பிடித்தாள், நாடி பார்த்தாள், கண்ணைப் பிரித்துப் பார்த்தாள், என் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து வலிக்காமல் ஒருக்களிக்க வைத்தாள். அந்தக் கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பூ எடுப்பதுபோல் எடுத்தாள்.

"எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றாள். முதல் கேள்வியே என்னைப் பார்த்துத்தான்.

"பாஸும்மா" என்றேன்.

"இன்னும் பரீட்சையே எழுதல மாமா."

மறுபரீட்சைக்கு அவளோடு ஒரு வேன் நிறையக் கிளம்பினோம். மெஹ்ராஜ் பேகம் பிரியாணி அண்டாவை மடியில் வைத்திருந்தார். எருமைக்கும் வர ஆசைதான், பால்காரர் விடவில்லை. சென்னையில் அந்தப் பரீட்சைக் கட்டடத்து வாசலில் காக்கிச் சட்டைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"கூட வந்தவங்க வெளிய நில்லுங்க."

நாங்கள் நின்றோம். அவள் போவதற்குமுன் என்னிடம் வந்தாள். "துபாய்க்குப் போயிட்டா உங்கள யாரு பார்த்துக்கறது மாமா?" என்று அங்கே, அந்த நேரத்தில் கேட்கிறாள்.

"கரடி இருக்குதில்ல" என்றேன். "போ, நேரமாவுது."

சிரித்துவிட்டாள். ஒண்டியாக உள்ளே போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாஸ். காசிநாதன் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களை அன்றைக்கு யாரையும் இறக்கிவிடவே இல்லை. எல்லோரையும் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அம்சவள்ளி மிஷினை எடுத்து வந்தாள். எனக்குப் பகீரென்றது.

"கைய நீட்டுங்க."

"சந்தோஷத்துக்குமா பார்ப்ப?"

பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது, எழுத்து தெரியாமல் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நார்மல் மாமா" என்றாள்.

"தேங்க்ஸ், சிஸ்டர் அம்சவள்ளி" என்றேன்.

இப்போது துபாயில் இருக்கிறாள். சட்டையில் பெயர் இருக்கிறது. காசிநாதனும் விசா வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கரடி இன்றைக்கும் பலா பழுக்கும் காலத்தில் கரியாலூர் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்டக்டரிடம் விசாரிப்பதாகச் சின்னக்கண்ணு சொல்கிறான்.

அவள் முதல் பரீட்சையில் ஃபெயிலானதிலிருந்து மறுபரீட்சை பாஸாகும் வரை நான் இடுப்பெலும்பு முறிந்து கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்; மலையும் ஏறவில்லை, வேனும் ஏறவில்லை. மறுபரீட்சைக்கு அவள் சென்னைக்குப் போன அந்த ஒரு நாள் தவிர, கையில் புத்தகத்தோடு கூடவே இருந்தது அம்சவள்ளி.