பூஜ்யம் காட்டிய மூட்டை

1

இருநூற்று முப்பத்தொன்பது ரூபாய். என் மகளுக்கு நான் தரவேண்டிய கடன் இவ்வளவு. இந்தக் கதை பிறந்ததும் அதில்தான். முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்: 'அறிவியல் என்னும் பெருங்கடலிலே...' எனக்கு நீச்சல் தெரியாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

ஒன்பதாம் வகுப்பு மகள் இணையத்தில் அறிவியல் சோதனை செய்கிறாள். கைபேசித் திரையில் ஒரு குட்டி ஆள், தலையில் மூட்டை. விரலால் தள்ளினால் நடப்பான். மூலையில் 'செய்த வேலை' என்று எண் காட்டும். மாலை ஆறுக்குள் விடை அனுப்ப வேண்டும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் கைபேசியை எடுத்தேன். சமதரையில் அவனை நடக்கவிட்டேன்.

செய்த வேலை: 0.

[இங்கே நீங்கள் சிரிக்கலாம். கிடங்கில் முப்பது வருடமாக மூட்டை சுமக்கிறவனுக்குச் சிரிப்பு வருமா?]

பழுது என்று நினைத்தேன். மறுபடி ஓட்டப் பொத்தான் இருப்பது தெரியாமல் பக்கத்தையே மூடி மூடித் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னுரை வீடியோ வேறு ஓடியது. நாற்பது நடை, நாற்பது பூஜ்யம். அப்புறம் திரை அசையவில்லை.

3

"அப்பா! டேட்டா மொத்தமும் காலியா? ஆறு மணிக்கு அனுப்பணும்!"

"அந்த ஆளு வேலையே செய்யலங்குதும்மா. பொய் சொல்லுது."

"பொய் இல்லப்பா. நீங்க தாங்குறது மேல் பக்கமா, நடக்குறது முன் பக்கமா. மூட்டை உயரப் போனாத்தான் அறிவியல்ல அது வேலை."

"அப்ப எனக்கு ஏன் வேர்க்குது?"

தன் சேமிப்பில் இருநூற்று முப்பத்தொன்பது எடுத்து ரீசார்ஜ் செய்தாள். என் கேள்வியைக் கடைசி வரியாகச் சேர்த்து, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். டீச்சரிடமிருந்து பதில் வந்தது: 'அருமையான கேள்வி. மூட்டைக்கு ஆற்றல் போகாவிட்டாலும், அதைத் தாங்கத் தசை ஆற்றலை எரிக்கிறது; அதனால்தான் வேர்வை. தேடிப் படி.'

4

இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று

("அழ வெச்சீங்க, வட்டி போடுவேன்." பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.)

அன்று அவளிடம் பணத்தை நீட்டினேன்.

"காசு வேணாம்பா. நடந்ததை நீங்களே எழுதுங்க. கதைக்குக் கடைசிப் புள்ளி விழுந்தா கடன் பூஜ்யம்."

நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு இது லாபமா நஷ்டமா? மூன்று நாளாக எழுதுகிறேன்.

"காகிதமும் சமதரைதானேம்மா. இதுவும் பூஜ்யம்தானா?"

"பேனா உராயுதுப்பா, அதை எதிர்த்துத் தள்ளுறீங்க. இது வேலைதான்."

மூட்டைக்கு வலிக்காத கை பேனாவுக்கு வலிக்கிறது. அந்தப் புள்ளியை யார் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கடைசிப் புள்ளியைப் படிக்கிற நீங்களே வைத்துவிடுங்கள், கடன் தீர்ந்தது