டீ நேரத்தில் காணாமல் போகும் வரி

பூட்டு என்றுதான் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். முடிவுகளெல்லாம் வந்து சேரும் லினக்ஸ் சர்வருக்கு அவள்தான் பொறுப்பு. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவாள். அந்த வேலையை அவளோடு பங்கு போட்டுக்கொள்பவர் அவளுடைய அக்கா புருஷன். அவரை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

கூடத்துக்குப் புதிதாக ஒரு கிளை திறந்தார்கள். கிளையின் கணினிகள் சர்வருக்குள் வர, யாரை உள்ளே விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலில் அவள் ஒரு வரி சேர்த்தாள். சாயங்காலம் கிளையிலிருந்து போன்: எதுவும் திறக்கவில்லை. போய்ப் பார்த்தால் அந்த வரியைக் காணோம். மறுநாள் காலையில் மறுபடி சேர்த்தாள். டீ நேரம் தாண்டியதும் அதுவும் போயிற்று. இப்படியே தினமும். காற்றில் பறக்க அது என்ன கொடியில் காய்கிற துணியா? யாரோ எடுக்கிறார்கள்.

யாரென்று கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். கோளாறே அங்கேதான். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் சர்வரில் எதையும் மாற்றவல்ல ரூட் அதிகாரத்தை எடுப்பதுதான் முறை. வீட்டு மனுஷர்தானே என்று இருவரும் ஒரே ரூட் பாஸ்வேர்டில் புழங்கினார்கள். யார் என்ன செய்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தால் எங்கும் ரூட், ரூட்தான். ஒரே செருப்பை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டு நடந்த தடம்.

அத்தான் மேல் கண் போனதற்குக் காரணம் இருந்தது. கிளைக்கு வழிவிடக் கூடாது என்று முரண்டு பிடித்தவர் அவர். “அங்க இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் அப்டேட்டைப் பாத்து யுகமாச்சு. உள்ள விட்டா நாமதான் தலையில துண்டு போட்டுக்கணும்” என்றார். டீ நேரத்தில் ஆளும் இருக்கையில் இருப்பதில்லை. அவள் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; அவளுக்கு அவர் இருமினால்கூடச் சாடையாகப் பட்டது.

முதலாளியம்மா கூப்பிட்டுவிட்டார். “கிளையில நோயாளிங்க ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கறாங்க. யார் வேலைன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பேர் வேணும். உன் அத்தானா இருந்தாலும் சரி, நாளைக்கு அவர் வர வேண்டாம்.”

அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது அக்கா துரும்பாய் இளைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சோற்றில் தானே மண்ணைப் போடுவதா? ஆனாலும் சந்தேகம் விடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ரூட் பாஸ்வேர்டை மாற்றினாள். அத்தானிடம் மூச்சு விடவில்லை. இனி வரி போகாமல் நின்றால் எடுத்தவர் அவர்தான் என்று தெரிந்துவிடும். வரியை மறுபடி சேர்த்துவிட்டுக் கண்கொத்திப் பாம்பாய் உட்கார்ந்தாள்.

டீ நேரத்தில் அத்தான் இரண்டு கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“என்ன, மூஞ்சில கடுகு வெடிக்குது?”

“ஒண்ணுமில்ல அத்தான்.”

“உங்க வீட்ல ஒண்ணுமில்லன்னா ஊருப்பட்டது இருக்குன்னு அர்த்தம். உங்க அக்காகிட்ட பாடம் படிச்சவன் நான்.”

அவர் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்த வரி மறைந்தது. அவர் கை கோப்பையில் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடம் இல்லை.

சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளைப் பார்த்தாள். டீ நேரத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட், சின்னக் கட்டளைத் தொகுப்பு. எழுதியவள் அவளேதான். அத்தான் சேர்ந்த புதிதில், இந்த மனுஷர் எதையாவது கலைத்துவிடுவாரோ என்று பயந்து, ஃபயர்வாலை தினமும் பழைய நகலிலிருந்து திருப்பி வைக்கச் சொல்லியிருந்தாள். அந்த நகலில் வரியைச் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருப்பதையே மறந்துபோனாள்.

அத்தானும் எட்டிப் பார்த்துத் திரையைப் படித்துவிட்டார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“சாப்பிட்டதுலேருந்து என்னால சர்வருக்குள்ள போக முடியல. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

அவள் தலை குனிந்தாள். “முதலாளியம்மா பேர் கேட்டாங்க. போய் என் பேரைச் சொல்லிட்டு வரேன் அத்தான்.”

“மொதல்ல நகல்ல வரியைச் சேரு. நோயாளிங்க காத்திருக்காங்க. திட்டு எங்கயும் ஓடிப் போயிடாது.”

சேர்த்தாள். ஸ்கிரிப்டைக் கையோடு ஓடவிட்டு, திறக்கிறதா என்று கிளைக்குப் போன் போட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவருக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கினாள்.

“அக்காகிட்ட சொல்லுவீங்களா?”

“மாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு என்கூட ரொம்பப் பேசாத. எனக்கு ஆறணும்.”

பாஸ்வேர்டை அவரே தட்டிக்கொள்ளட்டும் என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். திரையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, முதலாளியம்மாவின் அறைக்கு எழுந்து போனாள்.