வலது பக்கத்து நாலு லைட்டு

பெரியகுளத்தில் ஒரு கல்லூரி ஆண்டு விழா. நான்கு மணிக்கு நிகழ்ச்சி. இரண்டரை மணிக்கு மேடையின் வலது பக்கத்து விளக்குகள் நான்கும் தாமாகவே தலையாட்டத் தொடங்கின.

விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் முன்னால் ஷர்மின் உட்கார்ந்திருந்தாள். கம்பத்தில் லைட் செட் கடை வைத்திருக்கும் அண்ணன் அல்தாப், தான் வராமல் அவளை அனுப்பிய முதல் நிகழ்ச்சி இது. அவன் குமுளியில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். விளக்குகளைக் குனிய வைக்கும் பட்டனை அவள் இறக்கினாள். இடது பக்கத்து நான்கும் ஒழுங்காகத் தரையைப் பார்த்தன. வலது பக்கத்தவை வெட்டி வெட்டி இழுத்துக் கூரைக்குப் போயின.

"வேல்பாண்டிண்ணே, அஞ்சாம் லைட்டுல நம்பர மாத்தி வச்சிட்டீகளா?"

வேல்பாண்டி பதினைந்து வருடமாக அந்தக் கடைக்கு விளக்கு மாட்டுகிறவர். "நீ சொன்ன நம்பர்தான் தங்கச்சி."

"ஏறிப் பாருங்க."

ஏணியில் ஏறினார். எந்தக் கட்டளை எந்த விளக்குக்கு என்று பிரிக்கும் அந்த நம்பர் சரியாக இருந்தது. இறங்கியதும் ஆறாவதைப் பார்க்கச் சொன்னாள். அதுவும் சரி. ஐந்தாவதைக் கழற்றிவிட்டு வேறு விளக்கை மாட்டச் சொன்னாள். புதிய விளக்கும் ஆடியது.

விழாப் பொறுப்பாளர் ஜோதிலட்சுமி வேகமாக வந்தார். "சீஃப் கெஸ்ட் கெளம்பிட்டாக. இது சரியாகுமா ஆகாதா?"

"இவுக மாட்டுனதுலதான் மேடம் ஏதோ தப்பு" என்று சொல்லிவிட்டாள் ஷர்மின்.

ஏழாவதைப் பார்க்க ஏணியில் பாதி ஏறியிருந்த வேல்பாண்டி அவளைப் பார்த்தார். பிறகு மேலே போனார்.

அல்தாபுக்குப் போன் போட்டாள். "அந்த நாலயும் ஆஃப் பண்ணிட்டு இருக்கறத வச்சு ஓட்டு" என்றான். அவளுக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மேடையைக் குறுக்கே இரண்டு முறை நடந்தாள். நான்கும் ஒன்றாகவா கெட்டுப்போகும்? விளக்கில் கோளாறு இல்லையென்றால், அவற்றுக்குப் போகிற சிக்னலில்தான் கோளாறு. இடமிருந்து வலத்துக்கு அதைக் கொண்டுபோவது திரைக்குப் பின்னால் கிடக்கும் ஒரே ஒரு நீள வயர்.

திரைக்குப் பின்னால் முட்டி போட்டு, வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். நுனியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. லைட் வயருக்குச் சிவப்பு. பச்சை என்றால் மைக் வயர். இரண்டின் நுனியிலும் ஒரே மாதிரி மூன்று பின். ஆனால் மைக் வயரில் பேச்சு மட்டும்தான் ஒழுங்காகப் போகும். விளக்குகளுக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் கட்டளைகள் அத்தனை நீளத்தில் சிதைந்துபோகும். காலையில் ஒரு வயர் குறைந்தபோது சவுண்டுப் பெட்டியிலிருந்து இதை உருவி மாட்டியது அவள்தான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டாள்.

மேடைக்கு முன்னால் வைத்திருந்த இரண்டு சின்ன விளக்குகளைக் கழற்றினாள். அவற்றின் சிவப்பு டேப் வயர்களை ஒன்றோடொன்று சேர்த்து, பச்சை வயர் இருந்த இடத்தில் மாட்டிவிட்டு ஓடிவந்து பட்டனை இறக்கினாள். எட்டு விளக்குகளும் ஒன்றாகக் குனிந்தன.

ஜோதிலட்சுமி சிரித்தார். "சரி பண்ணிட்டாரா?"

"தப்பு என்னோடது மேடம். வயர மாத்திப் போட்டது நான்தான். வேல்பாண்டிண்ணன் மாட்டுனதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

வேல்பாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இத நான் நாலாவது வாட்டி ஏறுறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாம்."

"ஆமாண்ணே."

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. ஆனாலும் கடைசிப் பாட்டு முடியும் வரை அவள் கண் வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. திரும்பும் வழியில் வேல்பாண்டி வேனில் வயர்களைச் சுருட்டிக்கொண்டே வந்தார். உத்தமபாளையம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"புதன்கெழம ராயப்பன்பட்டியில ப்ரோக்ராம். வாறியா?"

"வாறேண்ணே" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.