பவுன் சிஸ்டரின் ஊக்க உரை

ஆண்கள் வார்டில் பதினொன்றாம் கட்டிலின் ஈர விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது, பிரின்சிபால் மேடம் கூப்பிடுவதாகப் பவுனுக்கு ஆள் வந்தது. நாற்பது கட்டிலுக்கு அன்று காலை அவளும் இன்னொரு நர்ஸும்தான். கிழவரைப் புரட்டி உலர்ந்த விரிப்பைச் செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கல்லூரிக் கட்டடத்துக்கு நடந்தாள்.

மேடம் அவளைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, ஷூவில் முகம் சுளித்தார். கிழிந்த ஷூவோடு மேடையில் நிற்கக் கூடாதாம். பீரோவிலிருந்து ஒரு புது வெள்ளை ஷூ வந்தது. கூட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சைஸ் சின்னது. ஒரு வருஷமாக வார்டில் கிழிந்து தொங்கியது எவர் கண்ணிலும் படவில்லை, அரைமணி நேர மேடைக்குக் கால் பளபளக்க வேண்டுமாக்கும் என்று பவுன் மனசுக்குள் காறித் துப்பினாள்.

வெளியே துப்ப முடியாததற்குக் காரணம் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. மராத்தி பேசும் ஊரான கோந்த்வாவின் இந்த நர்சிங் கல்லூரியில் அவள் சேர்ந்த அன்று பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி வைத்தவர்கள், பிறகு டிப்ளமாவையும் அதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இதே நிர்வாகத்தின் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் கட்டாயமாக வேலை செய்யும் 'பாண்ட்' ஒப்பந்தத்தை முடித்துப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூரில் இருந்தார். திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். புதிதாகச் சேர வந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை ஊக்கமாகப் பேசினால் இன்றைக்கே தருவதாக மேடம் சொல்லியிருந்தார். வெளியூர்க்காரர் எப்படியோ ஊர் திரும்பிவிட்டார்.

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பவுன் ஆபீஸில் கொடுத்த தாளை விரித்து இந்தியில் வாசித்தாள். நீங்கள் வெள்ளுடை அணிந்த தேவதைகள். இது வேலையல்ல, வேள்வி. நிர்வாகம் எங்களைச் சொந்தப் பிள்ளைகள்போல் பார்த்துக்கொள்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஒரு நாளாவது மலச்சட்டியைத் தொட்டிருப்பாரா என்று யோசித்துக்கொண்டே வாசித்தாள். அவளிடம் சொல்ல வேறு விஷயங்கள் இருந்தன. சாயங்காலம் கால் வீங்கும், ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். நீங்கள் போடாத ஊசிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், டாக்டர் கத்தினாலும் போடாதீர்கள். அதெல்லாம் தாளில் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் இதே மேடையில் மல்லிகா சிஸ்டர் என்று ஒருத்தி பேசினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பவுன் கண் கலங்கிக் கைதட்டினாள். இப்போது மூன்றாவது வரிசையில் யாரோ கண்ணைத் துடைப்பது தெரிந்ததும் தாளிலேயே பார்வையை வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து அட்மிஷன் ஜன்னலில் வரிசை நின்றது. கண்ணைத் துடைத்த பெண் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பவுன்னு பேரக் கேட்டதுமே தமிழுன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் அவர். "நாங்க தேஹு ரோடு. எம் பேரு கந்தசாமி, டிப்போவுல லேபர். இது எம் பொண்ணு வைஷு."

"அக்கா, ஒரிஜினல் எல்லாம் இங்க குடுத்து ஜமா பண்ணணுமாம். வாபஸ் எப்போ கெடைக்கும்?" என்று அந்தப் பெண் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

பக்கத்திலேயே மேடம் நின்றிருந்தார். பவுன் பல் தெரியச் சிரித்தாள்.

"நான் சிரிச்சுக்கிட்டே சொல்றேன், நீயும் சிரிச்சுக்கிட்டே கேளு. ஒரிஜினலக் குடுக்காத. போர்டுல திருத்தத்துக்குப் போயிருக்கு, வர ஒரு மாசம் ஆகும்னு சொல்லு. ஜெராக்ஸ் மட்டும் குடு."

என்ன பேசுகிறாய் என்று மேடம் இந்தியில் கேட்டார். தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்றாள் பவுன். மேடம் அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கந்தசாமி குழம்பிப் போனார். "சொந்தப் புள்ள மாதிரி பாக்குறாங்கன்னு இப்பதானம்மா சொன்னீங்க?"

"எழுதிக் குடுத்ததை வாசிச்சேன் அங்கிள்."

"அப்ப எதுக்கு வாசிச்சீங்க?"

"என்னோடது உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

அவர் பவுனையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போல் இருந்தது அவளுக்கு. பின்னாலிருந்து யாரோ முன்னால் போகச் சொல்லி நெட்டினார்கள்.

ஜன்னலுக்குள் கிளார்க் ஷ்யாம் ஜெராக்ஸைத் தொடக்கூட இல்லை. ஒரிஜினல் இல்லாவிட்டால் சீட் இல்லை, அடுத்த ஆள் வரலாம் என்றான்.

"பப்பா, வேற காலேஜ் பாக்கலாமா?"

"ரெண்டு எடத்துல பாத்தாச்சேம்மா. அங்கயும் இதத்தான கேட்டான்?" கந்தசாமி சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மார்க் ஷீட்டுகளை வேட்டியின் சுத்தமான பக்கத்தில் ஒருமுறை துடைத்து, மடங்காமல் இரண்டு கையாலும் நீட்டினார். ரசீது கேட்டார். அதெல்லாம் கொடுப்பதில்லை என்றான் ஷ்யாம்.

பிறகு பவுனைப் பார்த்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு ஃபைலை எடுத்து வந்தான். அதிலிருந்ததை உருவி அவளிடம் கொடுத்தான். பவுன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. கையில் வாங்கியதும் வந்தது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரவல் ஷூவைக் கழற்றி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள்.

காலி ஃபைலை ஷ்யாம் தூக்கிப் போடவில்லை. நல்ல கெட்டி அட்டை. வைஷுவின் மார்க் ஷீட்டுகளை அதற்குள் செருகி, மேலே பவுனின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 'வைஷ்ணவி கந்தசாமி' என்று எழுதினான்.

பவுனின் பெயருக்கு மேலேயும் அடிக்கப்பட்ட ஒரு பெயர் இருந்தது. மை வெளிறியிருந்தாலும் மல்லிகா என்று படிக்க முடிந்தது. வைஷுவின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.