அப்தில்தாவின் தங்கப்பல்

கரகோல் நகரச் சந்தை முனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் எமில்பெக், காலையிலிருந்து மூன்று ஏஐ செயலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாளை அப்தில்தாவுக்கு அறுபது வயது விருந்து. மேடைச் சுவரில் மாட்ட அவர் சிரிக்கிற படம்தான் வேண்டும் என்று அவர் மனைவி சுயும்கான் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். கேமராவைக் கண்டால் பட்டாளத்துக்காரனைப் போல விறைத்து நிற்கும் தலைமுறை அது. வீட்டில் இருந்தவை எல்லாம் உம்மென்ற முகங்கள். அதில் ஒன்றைக் கொடுத்துத்தான் செயலிகளைச் சிரிப்பு வரைய வைக்க வேண்டியிருந்தது.

முதல் செயலி கண்ணோரச் சுருக்கம்வரை அச்சு அசலாக வரைந்து, முத்துப் பல்வரிசையும் கொடுத்தது. சுயும்கான் உதட்டைப் பிதுக்கினாள்.

"பல் டாக்டர் வாசல் போர்டு மாதிரி இருக்கு தம்பி. அவரோட தங்கப்பல் எங்க?"

இரண்டாவது செயலி அவரை முப்பது வயதுக்காரராக்கியது. இந்தப் பையனோடு மேடையேறினால் ஊர் என்ன பேசும் என்று அவள் கேட்டாள். மூன்றாவதிடம் தங்கப்பல் என்று அழுத்திச் சொன்னான். அது முப்பத்திரண்டையும் தங்கமாக்கிவிட்டது.

அலுத்துப்போய், வெள்ளைப் பல்லே நாகரிகமாக இருக்கிறதே என்றான் எமில்பெக். அவள் வறுமைக் காலத்தில் குதிரை உதைத்து அவர் பல் போனதையும், தன் கல்யாணத் தோட்டை உருக்கக் கொடுத்ததையும் சொன்னாள்.

"முப்பது வருஷமா என் தோடு அவர் வாயிலதான் இருக்கு. நான் மட்டும்தான் பாக்கறேன். ஒரு நாள் ஊரும் பாக்கட்டுமே."

எமில்பெக்குக்கு வெட்கமாகிவிட்டது. அந்நேரம் அவளை அழைத்துப்போக அப்தில்தாவே வந்து சேர்ந்தார். எமில்பெக் கேமராவைச் சும்மா வைப்பதுபோல் மேசைமேல் வைத்து, கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இந்த மூணுல எது உங்க ஜாடை?"

இரண்டை அவர் உம்மென்றே பார்த்தார். மூன்றாவதில் கண் நின்றது. மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, ஒரு ஜோடித் தோடுதான்னு சொன்னியே. இத்தனையை எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். எமில்பெக் கேமராவின் பொத்தானை அழுத்தினான்.

படம் கொஞ்சம் கோணல். தொப்பியின் நுனிகூட வெட்டுப்பட்டிருந்தது. சுயும்கான் அதுவே போதும் என்றாள். எமில்பெக் அல்லாவுக்கு நன்றி சொல்லி, முதல் இரண்டு படங்களையும் அழித்தான். மூன்றாவதை வைத்துக்கொண்டான். முறைத்துக்கொண்டு வரும் அடுத்த ஆளுக்கு உதவும்.