மூலையில் ஒரு அம்பு

…இல்லை, சிஸ்டம் வேறு என்பதால்தான் அண்ணன் பாட்டு பாடவில்லை, அவ்வளவுதான், பழைய கம்ப்யூட்டரில் பாடியது இந்தப் புதுக் கம்ப்யூட்டரின் லினக்ஸில் பாடாமல் போகுமாம், இணையத்தில் எத்தனை பேர் புலம்பியிருக்கிறார்கள், அவள் மட்டுமா என்ன… காலையிலிருந்து மூன்று பிளேயர் இறக்கியாயிற்று, மூன்றும் சொல்லிவைத்தாற்போல் கையை விரித்துவிட்டன. நாலு மணிக்கு அண்ணன் வந்துவிடுவார். தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்த பிறகு, ஆறு வருஷமாக அவர் பேச்செல்லாம் போனில் தட்டிக் காட்டுவதுதான். அதற்கு முன்பு பாடியதில் மிச்சம் இது ஒன்றே ஒன்று, அவள் கல்யாணத்துக்கு முதல் நாள் பாடியது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து பத்திரமாகப் பென்டிரைவில் ஏற்றினாளே, கண் சிமிட்டுவதற்குள் ஏறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டாளே… கண் சிமிட்டுவதற்குள்ளா? ஏழு நிமிஷப் பாட்டா?

அளவைப் பார்த்தாள். ஒரு கேபி. பாட்டு என்றால் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டாமா? பழைய திரையில் 'அண்ணா பாட்டு' என்ற படத்தின் மூலையில் குட்டியாக ஒரு அம்பு இருக்கும், அமுக்கினால் பாடும் என்பதற்கான அடையாளம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்… அம்பு போட்டிருந்தா அது பாட்டு இல்லம்மா, பாட்டு இருக்கற இடத்துக்கு வழி, என்று மகள் என்றைக்கோ சொன்னது இப்போதா ஞாபகம் வரவேண்டும்? வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, பாட்டைப் பழைய கம்ப்யூட்டரோடு நேற்று ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டாள், எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிடுங்கள் என்று, தன் வாயாலேயே, பாவி. கடைக்குப் போன் போட்டாள். காலையில் நாலு மெஷின் அழித்ததாகக் கடைக்காரர் சொன்னார். "உங்களுது அதுல இருக்கான்னு பாத்துட்டுக் கூப்பிடறேம்மா." வைத்துவிட்டார்.

வாசல் மணி. அதற்குள்ளா, மூன்றரைகூட ஆகவில்லையே… என்ன சொல்வாள்? என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு, ஒரு தடவை கேக்கணும், என்று நேற்று எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு மறக்கல அண்ணா, என்று பதில் போட்டாளே. ஆமாம், மறக்கவில்லை, எங்கே போய்விடும், இதோ… தாழ்ப்பாளில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு வரிசையாக வந்தது, அவர் மூச்சு வாங்கிய இடம், நடுவில் இருமிய இடம், ஒன்றுகூடப் பிசகவில்லை, எல்லாம் இருந்தது. மணி மறுபடி அடித்தது. மனசுக்குள்ளே பாடிக்கொண்டிருந்தது அண்ணனுடையது இல்லை, அவளுடைய குரல்.