சுவருக்குக் கிழக்கே மார்கழி

செல்லூரில் நல்லகாமனும் அவர் தம்பி சோலையும் மொட்டை மாடியின் குறுக்கே சுவர் வைத்த வருடம், மார்கழி சுவருக்குக் கிழக்கே தங்கிவிட்டது, பங்குனி மேற்கே தங்கிவிட்டது. தெருவில் மற்றவர்களுக்கு வழக்கம்போலத் தை வந்தது, மாசி வந்தது. அந்த மாடியில் மட்டும் அண்ணன் பக்கம் நண்பகலிலும் பனி சொட்டியது. தம்பி பக்கம் பொழுது விடிந்ததுமே தரை காலைச் சுட்டது. கீழே தறி ஓட்டுகிறவர்கள் துணி காயப்போட மேற்கேயும், மதியம் உடம்பாற உட்காரக் கிழக்கேயும் ஏறி வந்தார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பேசியதெல்லாம் சண்டையைப் பற்றித்தான்.

சண்டை ஒரு பிளெக்ஸால் வந்தது. சோலையின் மகள் திவ்யாவின் சடங்குக்குத் தெருமுனையில் வைத்த பிளெக்ஸில் தாய்மாமன்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள், பெரியப்பா நல்லகாமனின் படம் இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்றார் சோலை. “எம் மூஞ்சியத்தான் விட்டானாக்கும்” என்று சொல்லிவிட்டு நல்லகாமன் பந்தியில் உட்காராமலே எழுந்து போனார். கார்த்திகையில் சுவர் வந்தது. நல்லகாமனின் மனைவி இருளாயிக்கும் சோலையின் மனைவி ரோகிணிக்கும் நடுவே ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஆனாலும் கொத்தனார் கடைசிக் கல்லை வைத்தபோது அவரவர் புருஷன் பக்கம் நின்றுகொண்டார்கள்.

மாடியில் இருந்தவை குண்டுமல்லித் தொட்டிகள். இருளாயி வாழ்க்கைப்பட்டு வந்தபோது எழுமலையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த பதியன்களின் வம்சம். சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரிந்தன. முன்பெல்லாம் தை பிறந்தால் இரண்டு பெண்களும் சேர்ந்துதான் கவாத்து செய்வார்கள். இருளாயி கிளையை வெட்டுவாள், ரோகிணி இலையை உருவுவாள். மண்ணைக் கிளறி ஆட்டுப்புழுக்கை போட்டு, புளித்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றி, அந்த வாடையிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அண்ணனும் தம்பியும் கோபத்தில் எப்படி நடப்பார்கள் என்று ரோகிணி நடந்து காட்டுவாள். சிரித்த சிரிப்பில் இருளாயியின் கையிலிருந்து கத்தரி நழுவி விழும். சுவர் வந்த பிறகு தனியாக வெட்டும்போது, அவள் அடிக்கடி கத்தரியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள்.

வெட்டிய செடி உறங்கியது. குளிர் விட்டால்தானே துளிர்க்கும், உறங்கிக்கொண்டே இருந்தது. மேற்கே ரோகிணியின் செடிகளுக்கோ உறக்கமே இல்லை. ஓயாமல் பூத்துப் பூத்து, பூ மிளகு போலச் சிறுத்து, மணமும் போய்விட்டது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. மூன்றாவது மாசியில் இருளாயி ஒரு கிளையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை நூலளவுதான் மிச்சம் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

“ரோகிணி, இருக்கியா?”

“இங்கனதான்க்கா நிக்கிறேன்.” சுவரை ஒட்டியே இருந்தது குரல்.

“செடி சாகப்போகுதுடி. கொஞ்ச நா வெயில்ல வச்சுக் குடு.”

“குடுக்கா. எஞ்செடிய நீ வாங்கி ஒறங்க வையி. பைத்தியம் பிடிச்ச மாதிரி பூக்குது.”

“நீ நல்லா இருக்கியா?”

மஞ்சள் கறை ஏறிய இரண்டு கைகள் சுவருக்கு மேலே நீண்டன. தொட்டியைக் கொடுப்பதற்கு முன் இருளாயி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே போன செடிகள் ஒரே வாரத்தில் துளிர்விட்டன. கிழக்கே வந்தவை இலையை உதிர்த்து நிம்மதியாகத் தூங்கின. மிஞ்சியது பெரிய சிமெண்ட் தொட்டி. இருளாயி புருஷனிடம் சுற்றி வளைக்காமல், “தொட்டியத் தூக்கணும், வாங்க” என்றாள். நல்லகாமன் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே வந்து, மூச்சுப் பிடித்துத் தூக்கிச் சுவரின்மேல் வைத்தார். எதிர்ப்பக்கம் ரோகிணி சோலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“பிடிச்சியாடா?”

“பிடிச்சிட்டேன். நீ விடுண்ணே.”

நல்லகாமன் விடவில்லை. சோலையும் இழுக்கவில்லை. நடுவே செடி இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருவரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் ரோகிணிதான், “எம்புட்டு நேரம் அதத் தாலாட்டுவீக? எறக்குங்க” என்று சத்தம் போட்டாள். இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன்பின் மாசி பிறந்தால் தொட்டிகள் மேற்கே போகின்றன, கார்த்திகை முடிந்தால் கிழக்கே திரும்புகின்றன. அக்கம்பக்கத்தாரும் தங்கள் ரோஜாத் தொட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் சோலை குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே படுக்க வந்துவிடும். முழங்கால் வலித்தால் நல்லகாமன் மேற்கே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். இதைப் பார்த்துவிட்டு எழுமலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், பிறகு எதற்குச் சுவர், இடித்துவிடலாமே என்று கேட்டார்கள். “இடிச்சிட்டு, சித்திரையில நாங்க எங்க போயிப் படுக்க?” என்றாள் ரோகிணி. அவள் சொல்வதும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. போன மாதம் கொத்தனாரை வரவழைத்து, சுவரின் இரண்டு பக்கமும் படி கட்டி, நல்லகாமனுக்காக ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்துக்கொண்டார்கள்.